உப்பு ஏன் வளைவதில்லை?

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அயனிச் சேர்மங்களின் இயற்பியல் பண்புகள் என்று ஐந்து வரி கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்: கடினமானவை, நொறுங்கக்கூடியவை, உருகுநிலை அதிகம், நீரில் கரையும், திண்மமாக இருக்கையில் மின்சாரத்தைக் கடத்தாது. என் சந்தேகம் கடைசி வரியில். உப்புக்குள் அயனிகள் ஏற்கெனவே இருக்கும்போது மின்சாரம் ஏன் பாயவில்லை? இதெல்லாம் பின்னால் எதற்காவது பயன்படுமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

பயன்படுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பதினாறு வயதில் அப்படிக் கேட்க உன்னைப் பழக்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அயனி என்றால் மின்னூட்டம் ஏறிய அணு. மின்சாரம் பாய, மின்னூட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நகர வேண்டும். உப்புக்கல்லில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சுற்றி நின்று பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். நகர வழியில்லை. தண்ணீரில் கரைத்தாலோ 801 டிகிரி செல்சியஸில் உருக்கினாலோ பிடி விட்டுவிடும், மின்சாரம் பாயும். அவ்வளவுதான்.

ஆனால் நீ தாண்டிப்போன முதல் இரண்டு வரியைப் பார். கடினமாம், நொறுங்குமாம். உனக்கு உறுத்தவே இல்லையா? உன் வயதில் எனக்கு உறுத்தியது. வகுப்பில் எழுந்து கேட்டேன். பரீட்சைக்கு வராததைக் கேட்காதே என்று உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். ஆச்சி தூத்துக்குடி உப்பளத்தில் பல வருஷம் உப்பு வாரியவள். ஒன்றும் பேசாமல் சாடியிலிருந்து பெரிய கல்லாக ஒன்றை எடுத்து, அம்மியில் வைத்துக் குழவியால் லேசாகத் தட்டினாள். துண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டி, "மூலையப் பாரு" என்றாள். குட்டிக் குட்டிப் பெட்டிகள். ஒன்றைத் திரும்பத் தட்டினாள். அதைவிடக் குட்டிப் பெட்டிகள்.

காரணம் இதுதான். உப்புக்குள் நேர்மின், எதிர்மின் அயனிகள் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. ஓர் அடுக்கை ஒரே ஓர் இடம் தள்ளிவிட்டால் நேர்மின் அயனிக்கு முன்னால் நேர்மின் வந்து நிற்கும், எதிர்மின்னுக்கு முன்னால் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தளத்தோடு கல் பிளந்துவிடும். செம்பில் அப்படியில்லை. அங்கே எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொது. அடுக்கு நழுவினாலும் பிணைப்பு போகாது, அதனால் கம்பியாக நீள்கிறது. அடுக்கை அசையவிடாமல் பிடித்திருக்கும் அதே விசைதான், அசைந்துவிட்டால் பிளந்தும் போடுகிறது. கடினத்துக்கும் நொறுங்குவதற்கும் வேர் ஒன்று. இதை உனக்கு இரண்டு வரியாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

'கடினம்' என்ற சொல்லும் அரைகுறை. எது எதைக் கீறும் என்று பார்த்துக் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் உப்பு 2.5 தான், கிட்டத்தட்ட உன் நகம். மெக்னீசியம் ஆக்சைடில் அயனிகளின் மின்னூட்டம் இரட்டிப்பு, பிடியும் பலமடங்கு. அது 2,800 டிகிரி தாண்டித்தான் உருகும். 'நீரில் கரையும்' என்பதையும் அப்படியே நம்பாதே. கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். அதுவும் அயனிச் சேர்மம்தான். கரைந்தா போய்விட்டது?

1913-இல் பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ் கதிரை வைத்து உப்பின் அடுக்கைக் கண்டு சொன்னார்கள். உப்பில் தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது, சதுரங்கப் பலகை மாதிரி அயனிகள்தான் என்றார்கள். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற முதிய வேதியியலாளரால் இதைத் தாங்க முடியவில்லை. சதுரங்கப் பலகைக் கதை அபத்தம் என்று 1927-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கொதித்து எழுதினார். அவர் சொன்னது தப்பு. ஆனாலும் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உப்புக்காகச் சண்டை போட்டார். நீங்களோ ஐந்து வரியையும் சண்டையே போடாமல் விழுங்குகிறீர்கள்.

சரி, திட்டியது போதும். நீ கேட்டாயே, அதுவே எனக்குச் சந்தோஷம். கடையில் கல் உப்பு வாங்கு. பெரிய கல்லாகப் பொறுக்கி எடு. கண்ணுக்கு ஏதாவது கண்ணாடி போட்டுக்கொள். பிளேடை ஒரு முகத்துக்கு இணையாக வைத்து மெதுவாகத் தட்டு, அப்புறம் கோணலாக வைத்துத் தட்டு. இரண்டு தடவையும் எப்படி உடைந்தது என்று எனக்கு எழுது.