தையல் மேசை: வெல்வெட்டுக்கு ஒரு திசை உண்டு

கேள்வி: அக்கா, மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கருநீல வெல்வெட் ரவிக்கை தைக்கக் கொடுத்தோம். உடல் பகுதி ஒரு நிறமாகவும் வலது கை மட்டும் வெளுத்தும் தெரிகிறது. ஒரே துணிதான். தைத்தவர் துணியைக் குறை சொல்கிறார், கடைக்காரர் தைத்தவரைக் குறை சொல்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. அந்த வலது கை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது. மிச்சத் துணி இருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோய் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் பூனை முதுகைப்போல வழுக்கும். மறுபக்கம் கையை எதிர்க்கும். வெல்வெட்டின் மேல் நிற்கும் அந்தக் குட்டை முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் காரணம். முடி கீழ்நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் அதன் முதுகில் பட்டுத் திரும்பி, நிறம் வெளுத்துத் தெரியும். மேல்நோக்கிச் சாய்ந்தால் நாம் முடியின் நுனிக்குள் பார்க்கிறோம். நிறம் கிணற்றுத் தண்ணீர்போல ஆழமாகிவிடும்.

இதே தவறை 22 வயதில் நானும் செய்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கல்யாண வரவேற்புக்கு அரக்கு நிற வெல்வெட் ரவிக்கை. துணி கொஞ்சம் போதாமல், ஒரு கையை மட்டும் திருப்பிப் போட்டு வெட்டினேன். கடையின் குழல்விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்தில் வீடியோ விளக்கு பட்டதும் இடது கை சாயம் போனதுபோல நின்றது. அந்தப் பெண் மேடையில் முந்தானையை இழுத்து இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, கத்தரிக்கோலை எடுக்கும் முன் துணியின் பின்பக்கம் முழுவதும் சாக்பீஸால் அம்புக்குறி போடுகிறேன். எல்லாத் துண்டும் அம்பின் பக்கமே தலை வைக்க வேண்டும். அதனால்தான் வெல்வெட்டுக்கு வழக்கமான அளவைவிடக் கூடுதல் துணி கேட்கிறோம்.

உங்கள் ரவிக்கைக்கு வழி இருக்கிறது. துணி மிச்சமிருந்தால் வலது கையைப் பிரித்துப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, புடவையின் நிறத்தில் வலைத்துணியில் கை வைக்கலாம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடை வடிவமைப்பு படிக்கிறேன் அம்மா. வெல்வெட் என்றாலே எனக்கு அரச அங்கியும் நாடகத் திரையும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் அதில் புதிதாக என்ன செய்துவிட்டார்கள்?
(மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நிறையச் செய்திருக்கிறார்கள் தம்பி. 1996இல் இத்தாலியின் குச்சி (Gucci) ஆடை நிறுவனத்துக்காக டாம் ஃபோர்டு வடிவமைத்த சிவப்பு வெல்வெட் கோட்டு-சூட்டின் படத்தைத் தேடிப் பார். மழை விட்டதும் செம்மண்ணில் ஊருமே வெல்வெட் பூச்சி, அதை நினைவூட்டும் சிவப்பு. பெண்களுக்கு ஆண்களின் தையலில் ஒரு சூட்டு. ஓரிடத்திலும் பூவேலை கிடையாது. துணியே எல்லாவற்றையும் பேசிவிடுவதால் வெட்டு மட்டும் சுத்தமாக இருந்தால் போதும் என்று அவர் நம்பினார் என்றே நான் படிக்கிறேன். 25 ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே நிறுவனத்தின் வடிவமைப்பாளராக இருந்த அலெஸாண்ட்ரோ மிகேலே அந்தச் சூட்டை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார்.

2019 ஆஸ்கர் விழாவுக்கு அமெரிக்க நடிகர் பில்லி போர்ட்டர் அணிந்து வந்த உடையையும் பார்க்க வேண்டும். கிறிஸ்டியன் சிரியானோவின் வடிவமைப்பு. மேலே ஆண்கள் மாலை விருந்துகளுக்கு அணியும் டக்ஸீடோ கோட்டு, கீழே தரை தொட்டு விரியும் கருப்பு வெல்வெட் பாவாடை. கருப்பு வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மடிப்புகள் கண்ணில் படாமல் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் எழுந்து நிற்கும். அதே பாவாடையைப் பளபளக்கும் சாட்டினில் தைத்திருந்தால் அந்தக் கம்பீரம் வந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது டெவோரே. பிரெஞ்சில் ‘விழுங்கப்பட்டது’ என்று பொருள். அடித்துணி பட்டாகவும் மேல்முடி விஸ்கோஸாகவும் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) உள்ள வெல்வெட்டில், அமிலத்தன்மையுள்ள பசையால் பூ, கொடி என்று அச்சிட்டு உலர்த்திச் சூடுபடுத்துவார்கள். பசை பட்ட இடத்தில் விஸ்கோஸ் முடி மட்டும் கருகி உதிரும். பட்டு அப்படியே நிற்கும். கண்ணாடிபோன்ற துணியில் மென்முடிப் பூக்கள் மிதப்பதுபோல இருக்கும். 1990களில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஜார்ஜினா வான் எட்ஸ்டார்ஃபின் கழுத்துத் துணிகள் இந்த முறையால்தான் பெயர் பெற்றன. சேர்த்துச் செய்யும் அலங்காரத்தையே பழகிய நமக்கு, எடுத்துவிட்டுச் செய்யும் இந்த அலங்காரம் நல்ல பாடம்.

முயன்று பார்க்கும் முன் ஓரத்திலிருந்து நாலு முடியைப் பிய்த்துக் கொளுத்திப் பார். காகிதம்போல எரிந்து சாம்பலானால் விஸ்கோஸ். உருகி மணிபோலக் கட்டியானால் பாலியஸ்டர். அதில் இந்த வேலை நடக்காது. கையுறை இல்லாமலும் காற்றோட்டமில்லாத அறையிலும் பசையைத் தொடவே கூடாது.

கேள்வி: சென்னை வெயிலில் வெல்வெட் அணிய முடியுமா?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: முழு உடையாக வேண்டாம். கைத்தறிப் பருத்தி குர்த்தாவுக்குக் கழுத்துப்பட்டையும் கை விளிம்பும் மட்டும் வெல்வெட்டில் வையுங்கள். முரடும் மென்மையும் அருகருகே வரும்போது இரண்டுமே அழகாகத் தெரியும். தைக்கும் முன் பருத்தியை நனைத்துக் காயவையுங்கள். அது சுருங்கும், பாலியஸ்டர் வெல்வெட் சுருங்காது. நனைக்காமல் தைத்தால், துவைத்த பிறகு விளிம்பு நெளிந்துவிடும்.

கேள்வி: வெல்வெட் ரவிக்கையில் இஸ்திரிப் பெட்டியின் தடம் விழுந்துவிட்டது. போகுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: முடி நசுங்கியிருந்தால் மட்டும் போகும். கொதிக்கும் தண்ணீரின் ஆவியில், துணி தண்ணீரில் படாமல் பிடித்து, ஈரம் இருக்கும்போதே மென்மையான தூரிகையால் முடியை எதிர்த்திசையில் எழுப்புங்கள். பாலியஸ்டர் முடி உருகிப் பளபளத்திருந்தால் அது திரும்பாது. அந்த இடத்தில் ஓர் ஆரிப் பூ போட்டு மறைக்கலாம். மணிகள் முடிக்குள் புதைந்துவிடாமல் இருக்க, முதலில் ஜரிகைக் கயிற்றால் கரை கட்டச் சொல்லுங்கள். இனி இஸ்திரி போடும்போது இன்னொரு வெல்வெட் துண்டை மேசையில் முடி மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் ரவிக்கையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி வைத்து, ஆவி மட்டும் படவிடுங்கள்.