ஆறு நொடியில் ஐம்பது மீட்டர்

கேள்வி: மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலை குறுகியபோது எங்கள் தெருவுக்குள் புகுந்த வண்டிகள் அதன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. போன வருடம் புதிதாகத் தார் போட்டார்கள். பழைய வேகத்தடை இரண்டும் தாருக்கு அடியில் போய்விட்டன. இப்போது டெலிவரி பைக், கால் டாக்சி, தண்ணீர் லாரி எல்லாம் பறக்கின்றன. தெருமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. சங்கம் சார்பாக மனு கொடுத்தோம். "அதெல்லாம் இப்போ போட முடியாதும்மா" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாமே சிமெண்ட் வாங்கிப் போட்டுவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். போடலாமா அம்மா?
- வாசகி, சாலிகிராமம்

பதில்: வேண்டாம். பணி ஓய்வு வரை சாலை வேலையிலேயே இருந்தவள் நான். தெருக்காரர்கள் கொட்டிய மேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், சரியான அளவில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கவும் யாருக்கும் தோன்றாது. கரண்ட் போன இரவில் மொபெட்டில் வருகிறவருக்கு அங்கே மேடு இருப்பதே தெரியாது. அவர் விழுந்து கை முறிந்தால், போட்டது யார் என்றுதான் போலீஸ் முதலில் கேட்கும். உங்கள் சங்கத்துக் கணக்கு நோட்டில் சிமெண்ட் செலவு தேதியோடு எழுதியிருக்கும்.

அது வேலையும் செய்யாது. சாலை வேலைக்கு அளவுகள் வகுத்துக் கொடுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடைக்கு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உறுத்தாமல் ஏறி இறங்கலாம். அதைத் தாண்டினால் தூக்கிப் போடும். நம் ஆட்கள் போடுவதோ ஒரு முழ அகலத்துக்கு ஒரு திட்டு. இதில் மெதுவாகப் போகும் ஸ்கூட்டர்காரருக்குத்தான் இடுப்பு போகும். வேகமாக வரும் காரில் அந்த அதிர்ச்சியை டயரும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

சரி, மனுவுக்கு வருவோம். "அதிவேகமாகச் செல்லும் வாகனங்களால் பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாகி வருகின்றனர், ஆகவே வேகத்தடை அமைத்துத் தருமாறு" என்றுதானே எழுதினீர்கள்? எல்லா மனுவும் இப்படித்தான் வரும். வேகத்தடை கேட்டால் அதிகாரிக்கு 'முடியும்' அல்லது 'முடியாது' என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது. வேகம் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

எப்படி அளப்பது? மேஸ்திரியிடம் டேப் வாங்கி, அங்கன்வாடிக்கு முன்னால் 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச். முதல் கோட்டைத் தொட்டதும் தட்டுங்கள், இரண்டாவதைத் தாண்டியதும் நிறுத்துங்கள். 6 நொடி எடுத்தால் அந்த வண்டி 30 கிலோமீட்டர் வேகம். 3.6 நொடி என்றால் 50. 3 நொடி என்றால் 60. ஓரமாக நின்று செய்யுங்கள், குழந்தைகளை இதில் இறக்க வேண்டாம். காலை பள்ளி நேரம், மாலை, இரவு பத்து மணிக்கு மேல் என்று பிரித்து, என்ன வண்டி என்றும் எழுதுங்கள். உங்கள் தெரு வண்டிகளையும் சேர்த்து எழுதுங்கள். பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர் தவறாமல் வருவார்!

சென்னையில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான் வரம்பு. போக்குவரத்து போலீஸ் 2023 நவம்பரில் இதை அறிவித்தது. இருபது கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டுகிறவர் சுதாரிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் 30-ல் வரும் கார் 13, 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50-ல் வருகிறவர் அந்த இடத்தில் அப்போதுதான் பிரேக்கில் கால் வைக்கிறார். நிற்க இன்னொரு 14 மீட்டர் வேண்டும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி வந்தால், முதல் கார் முட்டாது, இரண்டாவது முழு வேகத்தில் முட்டும்.

உங்கள் ஸ்டாப்வாட்ச் கணக்கை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது. வேகமாக ஓட்டினார் என்று ஒரு சாட்சி தன் கருத்தாகச் சொன்னால் மட்டும் போதாது, கருவியால் அளந்த ஆதாரம் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் கணக்கின் பயன் வேறு. எந்த நேரத்தில் ரேடார் கருவியோடு வந்து நின்றால் வண்டிகள் சிக்கும் என்று போலீசுக்குச் சொல்ல அது உதவும். எந்த இடத்தில் சாலையை மாற்ற வேண்டும் என்று பொறியாளருக்கும் காட்டும்.

உங்கள் பக்கம் பலமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பழைய வேகத்தடைகள் தாருக்கு அடியில் போய்விட்டன. அப்படியானால் நீங்கள் கேட்பது புதிது இல்லை, இருந்ததைத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆதாரத்துக்கு கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். 2022-ல் இந்தியாவில் அது தொடங்கியபோதே சென்னை பட்டியலில் இருந்தது. தார் போடுவதற்கு முன் எடுத்த படம் கிடைத்தால் அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

யாரிடம் கொடுப்பது? உட்புறச் சாலை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். பேருந்து போகும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே பேருந்துச் சாலைகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. சாலை யாருடையது என்று தெரியாமல் கொடுத்த மனு மேஜை மேஜையாகச் சுற்றும். போக்குவரத்து காவல் நிலையத்துக்கும் கவுன்சிலருக்கும் நகல் கொடுங்கள். மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-லும் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வாய்வார்த்தையில் 'முடியாது' என்றால் வாதாட வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். இந்தச் சாலை வேலையின் மதிப்பீட்டில் வேகத்தடை இருந்ததா, இருந்தால் ஏன் போடவில்லை, மறுத்தது எந்தக் காரணத்தால். இந்த மூன்று கேள்வி போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். நீங்கள் எல்லாம் வேகத்தடை வேகத்தடை என்று கேட்டு வாங்கி, எங்கள் முதுகெலும்பு போகிறது. பிரசவத்துக்குப் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு அதில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தெரியும்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: கோபம் நியாயம்தான் தம்பி. அளவில்லாத மேட்டை எடுக்கச் சொல்லியும் இதே 1913-ல் புகார் கொடுக்கலாம், கொடுங்கள். வேகத்தைக் குறைக்க மேடு ஒன்றுதான் வழி என்றும் நான் சொல்ல மாட்டேன். தெரு வாயைக் கொஞ்சம் குறுக்கிக் கட்டினாலே திரும்புகிற வண்டி தானாக மெதுவாகும். பள்ளிக்கூட வாசலில் நடைபாதை உயரத்துக்குச் சாலையைத் தூக்கி, மேலே தட்டையாக விட்டு, கடக்கும் இடம் கட்டலாம். சரிவு சரியாக இருந்தால் ஆட்டோவுக்கும் சுகம், நடப்பவருக்கும் சுகம். சிலர் சாலைக்குக் குறுக்கே சற்றே மேடான பட்டைக் கோடுகளை வரிசையாகப் போடச் சொல்வார்கள். வீடுகளுக்கு நடுவே அது வேண்டாம், ராத்திரி முழுக்கத் தடதடக்கும். ஆனால் ஒன்று, உங்களுக்கு சென்னையில் 40 தான் வரம்பு, தெருவுக்குள் 30. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. அப்பா பைக்கில் தெருவை நாலு சுற்று சுற்றுகிறான். கேட்டால் முறைக்கிறான்.
- வாசகர், பெரம்பூர்

பதில்: அவனிடம் ஏன் கேட்கிறீர்கள்? மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில், பதினெட்டு வயது ஆகாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் போய்ப் பேசுங்கள்.