பிரசவ அறையில் மகளோடு நான் இருக்கலாமா?

கேள்வி: மகளுக்கு ஒன்பதாம் மாதம். அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். வலியில் கத்தினால் திட்டுவார்கள், தொடையில் அடிப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி, பயந்து கிடக்கிறாள். நான் உள்ளே கூட இருக்க விடுவார்களா? – ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இருக்கலாம் அம்மா. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் அதை வழிகாட்டுதலாக்கியது. துணைக்கு வருபவர் பெண்ணாக, கூடுமானவரை பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை வேண்டும். கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது.

வலி கண்டு ஓடிப்போய் வாசலில் கேட்டால், "வெளியே நில்லும்மா" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதனால் அடுத்த செக்கப்பிலேயே கேட்டு, உங்கள் பெயரைக் கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லி வையுங்கள்.

உள்ளே உங்களுக்கு வேலை இருக்கிறது. இடுப்பை நீவிவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படித் துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரமும் சிசேரியனும் குறைந்திருந்தன. பெற்ற தாய் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது கை ஓங்கவும் யாருக்கும் எளிதில் மனம் வராது.

"நாலு அடி போட்டால்தான் முக்குவாள்" என்ற பேச்சைப் பிரசவ அறைகளில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அது வைத்தியமே இல்லை. பயத்தில் உடம்பு இறுகும், வலி கூடும். ஆள் பற்றாக்குறையில் செவிலியர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும்; அந்தக் கோபத்தை வலியில் கிடப்பவள் ஏன் தாங்க வேண்டும்?

வயிற்றை மேலிருந்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வேண்டாமென்று பரிந்துரைத்திருக்கிறது. யாராவது அப்படிச் செய்யப் போனால், எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். மறைப்புத் திரை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். குழந்தை பிறந்த கையோடு காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் போடுவது பற்றி மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவள் சம்மதமில்லாமல் போடக் கூடாது. வேண்டாமென்றால் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, இலவசம். குழந்தையைக் காட்டக் காசு கேட்டாலோ யாராவது அடித்தாலோ தேதி, நேரம், எந்த ஷிப்ட் என்று குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள், 104-க்கும் அழைக்கலாம். உள்ளே இருக்கும்போது சொல்லப் பயமாக இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.