கேட்டதும் சொன்னதும்: சிம்னிக்கு எதற்குச் சுருள் பட்டை?

எங்கள் ஊர் மில்லில் புது இரும்புச் சிம்னி நிறுத்தியிருக்கிறார்கள். உச்சிப் பக்கம் தகட்டுப் பட்டையைச் சுற்றிச் சுற்றி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அழகுக்கா, இடிதாங்கியா?
– வாசகர், திருமங்கலம்

இரண்டும் இல்லை. பாய்லர் ஹவுஸில் காலம் தள்ளியவனிடம் சரியான கேள்வி கேட்டீர்கள். உருண்டையான எதன் மீது காற்று அடித்தாலும், அதன் முதுகுப் பக்கம் இடம், வலம் என்று மாறி மாறிச் சுழல்கள் கழன்று ஓடும். ஒவ்வொன்றும் கழலும்போது சிம்னியைப் பக்கவாட்டில் ஒரு இழு இழுக்கும். கணக்கு எளிது: காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்குங்கள். 2 மீட்டர் விட்டமும் விநாடிக்கு 10 மீட்டர் காற்றும் என்றால், விநாடிக்கு 1 தடவை. அந்தச் சிம்னி இயல்பாக ஆடும் வேகமும் அதுவே என்றால் வந்தது வினை! நாளாக நாளாக வெல்டிங்கில் விரிசல் விழும்.

வேடிக்கை என்னவென்றால், அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்றில் அசையாமல் நிற்கிற சிம்னி, ஒரே சீராக வீசும் நடுத்தரக் காற்றில் ஆட்டம் போடும். பட்டை சுற்றிவிட்டால் சுழல்கள் உயரம் நெடுக ஒரே நேரத்தில் கழலாது. ஒன்றின் இழுப்பை இன்னொன்று கெடுத்துவிடும். 1950களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டன் என்பவர் கண்ட வழி இது.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. பட்டை சுற்றிய சிம்னியைக் காற்று நேராகவும் கூடுதலாகத் தள்ளும். அஸ்திவாரம் அதற்குத் தாங்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மில்காரர் தன் பழைய சிம்னிக்கும் வெல்டரைக் கூப்பிட்டால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

*

மகன் 'ஃப்ளூயிட் ஸ்ட்ரக்சர் இன்டராக்‌ஷன்' ஆராய்ச்சி செய்கிறான். சுத்தமான மின்சாரத்துக்கு உதவுமாம். பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகி, தேனி

மொட்டை மாடிக் கொடியில் காயும் வேட்டியைக் காட்டுங்கள், அம்மா. காற்று வேட்டியைத் தள்ளுகிறது. வேட்டி வளைந்ததும் காற்றின் பாதை மாறுகிறது. பாதை மாறிய காற்று வேறு மாதிரித் தள்ளுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட முடியும். உங்கள் மகன் போடுவது அந்தக் கணக்குதான்.

மின்சாரத்துக்கு என்ன சம்பந்தம் என்றால், கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தைச் சொல்லலாம். புதிதாக மாற்றிய நீராவி ஜெனரேட்டர்களில் (உலையின் சூட்டைக் கொண்டு தண்ணீரை நீராவியாக்கும் கலன்கள்), ஒவ்வொன்றிலும் 9,000க்கு மேல் மெல்லிய குழாய்கள். நீராவி ஓட்டத்தில் குழாய்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, 2012 ஜனவரியில் ஒன்று கசிந்தது. 2013இல் இரண்டு உலைகளையும் ஒரேயடியாக மூடினார்கள். புகையில்லாமல் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தந்த நிலையம். அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயு பிடித்துக்கொண்டது.

எந்தத் தொழிற்சாலையிலும் குழாயை மெலிதாக்கி நெருக்கி அடுக்கினால் வெப்பம் வீணாகாது, எரிபொருள் மிச்சம். எவ்வளவு நெருக்கினால் அதிர்வு தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அந்த ஆளுக்கு வேலைப் பஞ்சம் வராது. தைரியமாகப் பெண் பாருங்கள்.

*

பலத்த காற்றில் காற்றாலை இறக்கை வளைந்து கம்பத்தில் இடிக்காதா?
– வாசகர், ஆண்டிபட்டி

அதற்காகத்தான் அச்சைச் சில டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். பெரிய இறக்கைகளைச் செய்யும்போதே முன்பக்கம் வளைத்துவிடுவதும் உண்டு. சிலவற்றில் இறக்கைக்குப் பலம் தரும் கண்ணாடி இழை போன்ற இழைகளைச் சாய்வாக அடுக்குவார்கள். வளையும்போதே இறக்கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, காற்றின் பிடி தளர்ந்துவிடும்.