பயப்படுகிற நாளில்

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. கழுத்தில் தைராய்டு கட்டி, அடுத்த மாதம் ஆபரேஷன். டாக்டர் தேதி சொன்ன நாளிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு சகோதரி வெளிப்படுத்தின விசேஷம் 21:8-ஐ எடுத்து, அக்கினிக் கடலில் பங்கடைகிறவர்களில் முதலில் வருகிறவர்களே ‘பயப்படுகிறவர்கள்’தான் என்று வாசித்துக் காட்டினார். இருந்த பயம் போதாதென்று இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. பயப்படுவது பாவமா அக்கா?

– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: பாவம் இல்லை தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்றைக்காவது நீங்கள் தூங்க வேண்டும்.

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் ஆசியாவில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. இயேசுவின் பேரைச் சொன்னதற்காகச் சிறையும் சாவும் கண்ட ஜனங்கள் அவர்கள். பெர்கமுவில் அந்திப்பா கொல்லப்பட்டதை 2-ஆம் அதிகாரத்திலேயே வாசிக்கிறோம். உயிருக்குப் பயந்து ஆண்டவரையே வேண்டாமென்று விட்டுப் போகிறவர்களைத்தான் 21:8 சொல்கிறது என்று நான் நம்புகிறேன். ஆபரேஷனை நினைத்து நடுங்கிக்கொண்டே அவரைத் தேடுகிற உங்களை அல்ல. சந்தேகமாக இருந்தால் முதல் அதிகாரத்துக்குப் போங்கள். பத்மு தீவில், அந்தப் புத்தகத்தை எழுதின யோவான் ஆண்டவரைக் கண்டதும் செத்தவனைப்போல அவர் பாதத்தில் விழுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வலதுகரத்தை அவர்மேல் வைக்கிறார், அப்புறம்தான் ‘பயப்படாதே’ என்கிறார். உங்கள் சகோதரி கையை வைக்காமல் வசனத்தை மட்டும் வைத்துவிட்டார். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆனால் அதைச் சுமந்துகொண்டும் திரியாதீர்கள்.

நான் 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். டிராலியில் படுத்து வருகிறவர்களின் கை எப்படிச் சில்லிட்டுப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊழியக்காரர்களையும் உள்ளே அழைத்துப் போயிருக்கிறேன், அவர்கள் கையும் அப்படித்தான் இருந்தது. அத்தனை பேருக்கும் ‘ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லய்யா’ என்று சொல்லிப் பழகிய எனக்கு 2009-இல் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தது. அன்று காலை பிரஷர் ஏறி 170-ல் நின்றது. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். அவமானமாக இருந்தது. அந்த ராத்திரி ஜெபிக்க எனக்கும் வார்த்தை வரவில்லை. ‘இயேசப்பா’ என்று மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! மறுநாளும் பயம் போகவில்லை, அதுவும் என்னோடு டிராலியில் வந்தது. ஆனால் தனியாகப் போகிறேன் என்ற நினைப்பு மட்டும் எப்போதோ போயிருந்தது.

அப்போதுதான் 56-ஆம் சங்கீதம் எனக்கு விளங்கியது. ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’ பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை, பயப்படுகிற அந்த நாளிலேயே நம்புவேன் என்கிறார். அவர் காத் ஊரில் பெலிஸ்தர் கையில் சிக்கிய நேரத்தின் பாட்டு அது. 1 சாமுவேல் 21-ஐ வாசித்துப் பாருங்கள். கோலியாத்தை வீழ்த்தினவர் அங்கே மிகவும் பயந்துபோய், வாயில் நுரை ஒழுக, வாசற்கதவைக் கீறிக்கொண்டு பைத்தியம்போல நடிக்கிறார்! அப்படிப்பட்டவர்தான் ‘என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்’ என்று கேட்கிறார். துருத்தி என்றால் கொல்லன் பட்டறையில் ஊதுவது அல்ல, வனாந்தரத்தில் தண்ணீர் கொண்டுபோகிற தோல்பை. ஒரு சொட்டையும் சிந்தவிடாத இடம். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு வருகிற கண்ணீர் அங்கேதான் போகிறது தங்கச்சி. அதுவே ஜெபம். வார்த்தை தேடி அலைய வேண்டாம்.

இனி நர்ஸாகச் சில வார்த்தை. தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உங்களுடையது எது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், தெரியாமல் இருப்பதுதான் ராத்திரியில் பெரிதாகும். தூக்கம் வராததையும் படபடப்பையும் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரை கொடுத்தால் ‘விசுவாசம் குறைந்துவிடுமோ’ என்று ஒதுக்க வேண்டாம். கொல்லப்போவதாகச் சொன்ன ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைக் கர்த்தர் தூங்கவிட்டார். தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் தூங்கினார். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்று கர்த்தர் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் ராத்திரி துணைக்கு அந்தச் சகோதரியையே கூப்பிட்டுப் பாருங்கள். சந்தோஷமாக வருவார் என்றே நினைக்கிறேன். வந்தால் பேச்சு வேண்டாம், கையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேதியை நீங்கள் எழுதவில்லையே. ஒரு கார்டு போடுங்கள். அன்று விடியற்காலையில் நான் முழங்காலில் இருப்பேன்.