கிழிப்பதற்காக வரைவது

அன்புள்ள ஐயா,
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அனிமேஷன் படம் எடுக்கப்போவதாகச் சொல்லி, கோடை விடுமுறை முழுவதும் ஒரே காட்சியை வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் படங்கள்தாம் முடிந்திருக்கின்றன. தொழில்முறையில் இதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் வரைகிற படமேதான் திரையில் வருகிறதா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,
வருவதில்லை. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைக்கும் வழக்கப்படி பார்த்தாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும் என்பதால், தங்கள் மகளின் எட்டுப் படங்களும் ஓடி முடிய முக்கால் நொடிகூட ஆகாது. ஆகவே, எதை வரைய வேண்டும் என்பது உறுதியாகும்வரை தொழில் தெரிந்தவர்கள் வண்ணத்தைத் தொடுவதில்லை.

அதை உறுதிசெய்யும் இடம் ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் நிலைபெற்ற முறை இது. பென்சிலில் கிறுக்கிய சிறு தாள்களைப் பலகையில் வரிசையாகக் குத்திவைத்து, அவற்றின் முன் நின்று கதையைச் சொல்லிப் பார்ப்பார்கள்; கேட்பவர் நெளிகிற இடத்தில் தாளைப் பிடுங்கிவிட்டு வேறு வரைவார்கள். ஓரளவு நிலைத்தபின் அத்தாள்களையே படம்பிடித்து, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தக் காட்சி இழுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் தவறுவதுண்டு: 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காகக் குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை டிஸ்னியின் அனிமேஷன் கலைஞர் வார்ட் கிம்பல் பென்சிலில் அசைவூட்டி முடித்த பிறகே அதை நீக்கினார்கள்.

மகளை ஒருமுறை சுவாமிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஸ்தபதி சிலையை முதலில் மெழுகில் விரல்நகம்வரை உருவாக்கி, காவிரி வண்டலைப் பூசி, சூடேற்றி, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை வார்க்கிறார். உருகிப்போகிற அந்த மெழுகின் கதிதான் ஸ்டோரிபோர்டுக்கும். (உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது: மெழுகு குறையற்றதாக இருந்தாக வேண்டும், ஸ்டோரிபோர்டுப் படமோ அழகாக இருந்தால் கிழிக்க மனம் வராது.) அளவுக்கு ஸ்தபதிகள் மடித்து வைத்துக்கொள்ளும் தென்னை ஓலைக் கீற்றைப் போல, அனிமேஷனிலும் பாத்திரத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரைந்து, உயரம் எத்தனை தலை என்று குறித்த மாதிரித் தாள் உண்டு. பலர் கை பட்டும் முகம் மாறாமலிருப்பது அதனால்தான்.

அதன்பின் முதன்மை ஓவியர் அசைவின் முக்கிய நிலைகளை வரைய, இடைப்பட்டவற்றை உதவியாளர்கள் நிரப்புவார்கள். முப்பரிமாணப் படங்களில் இப்படி இடையை நிரப்பும் வேலை கணினிக்குப் போய்விட்டது. ஸ்டோரிபோர்டு மட்டும் இன்றும் கையால்தான் வரையப்படுகிறது, தாளுக்குப் பதில் பலரும் திரையில் வரைகிறார்கள் என்றாலும்.

அந்த எட்டையும் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, முழுக் கதையையும் ஐம்பது துண்டுத் தாள்களில் வண்ணமில்லாமல் வரைந்து தங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். தாங்கள் கைபேசியை எடுக்கும் இடங்களை அவள் குறித்துக்கொள்ளட்டும். அந்த எட்டுப் படங்களுக்கு உரிய காட்சி கடைசிவரை கதையில் நிற்கிறதா என்று பிறகு எழுதுங்கள்.