முன் பல்லு கிரௌன்: செராமிக் வேலை பாக்குறவன்கிட்ட கேளுங்க

டென்டல் லேப்ல செராமிக் வேலை பாக்குறேன், முன் பல்லு கேஸ்தான் அதிகம். கிரௌன், அதாவது பல்லு மேல மாட்டுற உறை, எப்படி பண்றோம்னு கேளுங்க, சொல்றேன். வலி, வீக்கம், மாத்திரை எல்லாம் டாக்டர்கிட்ட.

கேள்வி: ஒரே ஒரு முன் பல்லுக்கு கிரௌன் போட்டேன். ஷேட் (பல்லு நிறத்துக்கான நம்பர்) ஏ2, லேப்ல பண்ணதும் ஏ2 தான். ஆனாலும் தனியா தெரியுதே?

பதில்: எங்க வேலையிலயே ரொம்ப கஷ்டம் இந்த ஒத்தப் பல்லுதான். ஆறு முன் பல்லும் சேத்து பண்ணா ஒண்ணுக்கொண்ணு பொருந்திடும், இங்க பக்கத்துலயே ஒரிஜினல் நிக்குது. நிறம் பாக்குற மாதிரிப் பல்லு செட்டான வீட்டா கிளாசிக்கல் கைடுல 16 ஷேட் இருக்கு, ஆனா எந்தப் பல்லும் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே ஷேட்ல இருக்காது. ஈறு பக்கம் மஞ்சள் தூக்கலா இருக்கும், நடுவுல வெளுப்பு, நுனியில லேசா நீலமும் சாம்பலும் ஓடும். அதனால டென்டின் (பல்லோட உள் அடுக்கு) நிறப் பவுடரை குழைச்சு பிரஷ்ல வெச்சு, மேல எனாமல் (வெளி அடுக்கு) பவுடர், நுனிக்கு ஒளி ஊடுருவுற பவுடர்னு அடுக்கி ஃபர்னஸ்ல சுடுவோம், சுட்டா சுருங்கும்னு கொஞ்சம் பெருசாவே கட்டுவோம். அப்புறம் மேல்பரப்பு. சின்ன வயசுப் பல்லுல குறுக்கால மெல்லிசா வரி வரியா இருக்கும், வயசாக ஆக தேஞ்சு வழவழப்பாயிடும். 20 வயசுக்காரருக்கு வரியே இல்லாம பாலிஷ் போட்டு அனுப்பினா கலர் சரியா இருந்தாலும் பொய்ப்பல்லுன்னு காட்டிக் குடுத்துடும். இன்னொண்ணு, மஞ்சள் சிவப்பு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, பல்லோட வெளுப்பு-கருமை அளவு மாறினா நாலடி தள்ளி நின்னாலே தெரியும்.

கேள்வி: எவ்ளோ செலவாகும்?

பதில்: டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: ஷேட் எப்ப பாக்கணும்?

பதில்: கிரௌனுக்காக டாக்டர் பல்லை தேய்ச்சு சின்னதாக்குறதுக்கு முன்னாடி, இதை எத்தனை தடவ வேணாலும் சொல்வேன். வாயைத் திறந்தே வெச்சிருந்தா பல்லு காஞ்சு வெளுத்துடும், அப்ப பாத்த ஷேட் தப்பாத்தான் வரும். லிப்ஸ்டிக்கை துடைச்சுட்டு பகல் வெளிச்சத்துல பாக்கணும், ஷேட் டேபை (கைடுல இருக்கிற மாதிரிப் பல்லை) பல்லு பக்கத்துலயே வெச்சு போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: ஸிர்கோனியாதான் ஸ்ட்ராங், ஈமேக்ஸ் உடைஞ்சுடும்னு சொல்றாங்களே?

பதில்: ஈமேக்ஸ்ங்கறது லித்தியம் டைசிலிகேட்ங்கற கண்ணாடி வகை செராமிக், வலு சுமார் 400 மெகாபாஸ்கல். ஸிர்கோனியாவும் செராமிக்தான், அதுல பழைய வகை 1000க்கு மேல. ஆனா முன் பல்லுல வெளிச்சம் உள்ள போய் வரணும், அதுல ஈமேக்ஸ் முன்னாடி. ரெசின் சிமென்ட்ல சரியா ஒட்டினா முன் பல்லுக்கு அந்த வலு போதும்.

கேள்வி: போதும்னா எப்படி? ரெண்டரை மடங்கு வித்தியாசம் இருக்கே. இப்ப ஸிர்கோனியாவும்தான் டிரான்ஸ்லுசென்ட்டா (ஒளி ஊடுருவுற மாதிரி) வருது.

பதில்: வருது, ஆனா அதுல கலக்குற இட்ரியாங்கற பொருளை கூட்டித்தான் அந்த ஒளி வருது, கூட்டக் கூட்ட வலு இறங்கும். அதனால 1000ங்கற நம்பரை பழைய வகையிலருந்தும் அழகை புது வகையிலருந்தும் எடுத்து ஒண்ணா சேத்து பேசக்கூடாது. ஸிர்கோனியா ஜெயிக்கிற இடமும் இருக்கு: ரூட் கெனால் பண்ணி உள்ள பல்லு கருத்திருந்தா, மெட்டல் போஸ்ட் (வேருக்குள்ள வெக்கிற உலோகக் கம்பி) இருந்தா, ஈமேக்ஸ் வழியா அந்தக் கருப்பு தெரியும். அங்க ஒளி விடாத ஸிர்கோனியாவால மறைச்சு மேல போர்சலின் அடுக்குவேன். தேய்ச்ச பல்லோட கலரையும் லேபுக்கு சொல்லணும்னு நாங்க கெஞ்சுறதே இதுக்குத்தான்.

கேள்வி: ஈறு ஓரமா கருப்புக் கோடு தெரியுது.

பதில்: மெட்டல் செராமிக்கா இருக்கும், அதாவது உள்ள மெட்டல், மேல போர்சலின். ஈறு இறங்கினா உள்ள இருக்கிற மெட்டல் விளிம்பு தெரியும்.

கேள்வி: எனக்கும் ஏ2 தான், ஆனா மேட்ச் ஆகல, ஏன்?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: கிரௌன் போட்ட அப்புறம் வைட்டனிங் பண்ணலாமா?

பதில்: கிரௌன் வெளுக்காது, சுத்தி இருக்கிற பல்லு மட்டும் வெளுக்கும். வைட்டனிங்கை முதல்ல முடிச்சு, ரெண்டு வாரமாவது விட்டு, அப்புறம் ஷேட் பாருங்க. தேய்க்கிறதுக்கு முன்னாடி!

கேள்வி: நாளைக்கு எனக்கு ஒட்டப் போறாங்க, எதை கவனிக்கணும்?

பதில்: ட்ரை-இன் பேஸ்ட் (ஒட்டாம மாட்டிப் பாக்குறதுக்கான பேஸ்ட்) வெச்சு மாட்டிக் காட்டச் சொல்லுங்க. சேர்ல படுத்துட்டே பாக்காதீங்க, எழுந்து ஜன்னல்கிட்ட நின்னு பேசி, சிரிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா அப்பவே சொல்லிடுங்க, லேபுக்கு திரும்பி வந்தா நாங்க ஸ்டெயின் போட்டு திரும்ப சுட்டுத் தருவோம். ரெசின் சிமென்ட்ல ஒட்டிட்டா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.